அடுத்த வாசல் ஆபிரகாம்

கேம்பர் வேனின் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்த ரூலோஃப், மறு காலை எடுத்து வைக்கவில்லை. எதிரே, முந்தின மாலை அவரே விரித்துப் போட்ட மடக்கு நாற்காலியில், தாடிவைத்த கிழவர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வைக்கோல் உடம்பு. பழைய மஞ்சள் மழைக்கோட்டு. இடுப்புவரை ஆட்டு ரோமத் தாடி. கையில் தடி. கழுத்தில் தொங்கிய அட்டையில் முறம் அகலத்துக்கு ஓர் ‘50’.

"போச்சு!" என்றார் ரூலோஃப்.

அந்த நாட்டில் ஐம்பது வயது நிறைந்தவனை ‘ஆபிரகாமைப் பார்த்தவன்’ என்பார்கள். சும்மா சொல்வதோடு விடமாட்டார்கள். பிறந்தநாள் விடிவதற்குள் உறவும் நட்பும் சேர்ந்து ஒரு வைக்கோல் ஆபிரகாமை அவன் வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். பால்காரர் முதல் பாதிரியார் வரை ஊருக்கே அவன் வயது தெரிந்துவிடும்.

பெய்லன் ஊரில் இந்தக் காரியத்துக்கு இருபது வருஷமாக ஒரே குத்தகைக்காரர் ரூலோஃப்தான். அவருக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. தொண்டு, ஆபிரகாம் செய்வது. பல் மருத்துவர் வாசலில் அவர் வைத்த ஆபிரகாமுக்கு ஒரு பல்கூட இல்லை. பாதிரியார் வீட்டு ஆபிரகாம் இரண்டு கையிலும் பீர்க் குவளையோடு தேவாலயத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன் வுப்போவின் ஆபிரகாம்தான் இதில் உச்சம். அதைக் கழிவறைப் பீங்கானோடு கூரைமேல் ஏற்றிவிட்டார். இறக்குவதற்குத் தீயணைப்பு வண்டி வந்தது.

அன்றைக்கே வுப்போ சொல்லிவிட்டார்: "மாப்ளே, உனக்கும் ஐம்பது வரும். அப்ப இருக்கு உனக்கு."

பேச்சு வளர்ந்து பந்தயமானது. ரூலோஃபின் ஐம்பதாவது பிறந்தநாளன்று மூன்று காரியம் நடக்கவேண்டும். அவர் வாசலில் ஆபிரகாம் உட்கார வேண்டும். அவரை வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்காரவைத்து எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். பாட்டுப் பாட வேண்டும். எல்லாம் மாலை எட்டு மணிக்குள். மூன்றும் நடந்தால் ரூலோஃப் தோற்றவர்; ஒன்று குறைந்தாலும் வுப்போ தோற்றவர். தோற்றவர் அங்கியும் தாடியும் மாட்டிக்கொண்டு, கையில் தடியோடு, பெய்லன் சந்தையை முழுக்க ஒரு சுற்று நடந்து வரவேண்டும்.

இருபது வருஷமாக ரூலோஃபின் கைவரிசையை அனுபவித்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சந்தைக்கு வருவார்கள். பல் மருத்துவர் முதல் வரிசையில் நிற்பார்.

அதனால்தான் இந்தப் பயணம். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேன், பின்னால் இரண்டு சைக்கிள். கடற்கரைக்குப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பாதி வழியில் வண்டியைத் திருப்பி, ஐஸல் ஆற்றங்கரையில் டெவன்டர் நகரத்துக்கு எதிர்க்கரையிலிருந்த கேம்பர் திடலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஓடறதுன்னா நிதானமா ஓடணும்," என்பது அவர் மனைவி ஹில்லியின் கொள்கை. இடம் பார்த்ததும் அவள்தான். "அந்த வெள்ளை வேன் பக்கத்துல நிறுத்து. நல்ல ஜனங்களாத் தெரியுது," என்றாள். அந்த வேனின் திரையெல்லாம் மூடியிருந்தது. திரையைப் பார்த்தே ஜனங்களை எடைபோடுவது அவளுக்குக் கைவந்த கலை என்று ரூலோஃப் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த நல்ல ஜனங்களின் வேன்தான் அவர் கண்ணில் பட்டது. அவருடையதைப் போலவே வெள்ளை. அதே நீலக் கோடு. திரை இன்னும் விலகவில்லை. திடலில் ஒரு நாய்கூட எழுந்திருக்கவில்லை. உள்ளே ஹில்லி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

ரூலோஃப் யோசிக்கவில்லை. ஆபிரகாமை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கிழவரின் தாடி மூக்கில் புகுந்து தும்மல் வந்தது; தும்மலை அந்தத் தாடியாலேயே அடக்கினார். பத்தடி தள்ளி, பக்கத்து வேனின் படிக்கு நேரே உட்காரவைத்து, தொப்பியை நேராக்கி, தன் நாற்காலியை விட்டுக்கொடுத்த துக்கத்தோடு திரும்பி வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

தண்ணீர் கொதிப்பதற்குள் பக்கத்து வேனின் கதவு திறந்தது. வெளுத்த தலையோடு, கோடுபோட்ட இரவு உடுப்பில் ஒருவர் இறங்கினார். ஆபிரகாமைப் பார்த்தார். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"அடடடா! மிங்கே! ஓடி வா! கண்டுபிடிச்சுட்டாங்க! எனக்கு இன்னிக்கு ஐம்பதுன்னு யாரோ கண்டுபிடிச்சு வந்து வச்சுட்டாங்க!"

ரூலோஃபின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

ஒரே மூச்சில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. இந்த மனிதருக்கும் இன்றைக்கே ஐம்பது! அவருடைய ஆட்கள் வந்து, இரண்டு வெள்ளை வேனில் எது என்று தெரியாமல், வாசல் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வுப்போ இன்னும் கடற்கரையில்தான் மணலைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். மலை நீங்கியது போலிருந்தது. அந்த நாட்டில் மலை கிடையாது என்றாலும் நீங்கியது.

வெளியே வந்து கையை நீட்டினார். "வாழ்த்துகள்! நான் ரூலோஃப்."

"ஸீப்ரன். ரொம்ப நன்றி தம்பி. பாருங்க, ஐம்பது ஆயிருச்சு!"

ரூலோஃப் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். தலை பால்நுரை. கழுத்தில் மூன்று மடிப்பு. காதில் கேட்கும் கருவி. வாழ்க்கை சிலரிடம் ரொம்பக் கடுமையாக நடந்துகொள்கிறது.

"பாத்தா சொல்லவே முடியாதுங்க," என்றார். இது உண்மை.

"லாரி ஓட்டினவரு," என்றாள் பின்னாலேயே இறங்கிய மிங்கே. கையில் பழுப்புத் துணியும் ஊசியும். "ஃப்ரீஸ்லாந்துக் காத்து மூஞ்சிய சும்மா விடுமா? உங்களுக்கு என்ன வயசு தம்பி?"

"நாற்பத்தேழு," என்றார் ரூலோஃப், கண் இமைக்காமல்.

"அப்ப தம்பின்னு கூப்பிட்டது சரிதான்," என்றார் ஸீப்ரன்.

மிங்கே ரூலோஃபைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "சாயங்காலம் போட்டுக்க இவருக்கு ஒரு அங்கி தைக்கிறேன். சொல்லிடாதீங்க. உங்க தோள் அளவுதான் அவருக்கும். கொஞ்சம் கையை விரிச்சு நில்லுங்க."

ரூலோஃப் கையை விரித்து நின்றார். "அவர் என்னைவிட ஒரு தலை குள்ளமாச்சே அக்கா?"

"கீழ மடிச்சுத் தச்சுக்கலாம். அசையாதீங்க."

ஹில்லி இதையெல்லாம் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு கட்டத்தை நிரப்பினாள். "பிறந்தநாள் வாழ்த்துகள்," என்று கணவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"உஷ்!" என்றார் ரூலோஃப்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. வுப்போ.

"எங்கடா ஒளிஞ்சிருக்க மாப்ளே? இங்க கடற்கரையில ஒவ்வொரு வேனாத் தட்டிப் பாத்துட்டேன். ஒருத்தன் அடிக்கவே வந்துட்டான்."

"தேடு மச்சான், தேடு. காத்து நல்லதுதான் உடம்புக்கு."

"சிரிக்காத. எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இன்னிக்கு உன்னை ஏதாவது ஒரு ஆபிரகாம் பக்கத்துல பாத்தேன்னு வை, அது யாரோடதுன்னெல்லாம் கேக்க மாட்டேன். உன்னோடதுதான்னு கணக்கு."

பேச்சு முடிந்ததும் ரூலோஃப் திரும்பிப் பார்த்தார். பத்தடி தூரத்தில், அவருடைய சொந்த நாற்காலியில், ஆபிரகாம். வுப்போ எந்த நிமிஷமும் சாலைவழியே வந்து நிற்கலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தக் கிழவர் எந்த வேனுக்குச் சொந்தம் என்று எப்படித் தெரியும்?

கிழவரை இந்தத் திடலைவிட்டுக் கிளப்பியாக வேண்டும்.

"ஸீப்ரன், ஐம்பது ஒரு தடவைதான் வருது," என்றார் தேன் குழைத்து. "ஆபிரகாமை இப்படி ஆத்தங்கரையில முடக்கிப் போட்டா நல்லாவா இருக்கு? ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமே?"

"ஆசைதான் தம்பி. ஆனா என் முதுகு... அதைத் தூக்கிட்டு சைக்கிள் மிதிக்க முடியுமா?"

"நான் எதுக்கு இருக்கேன்!"

இப்படியாக, ஆபிரகாமிடமிருந்து தப்பிக்க ஊரைவிட்டு ஓடிவந்த மனிதர், ஆபிரகாமைத் தன் சைக்கிளின் பின்கேரியரில் உட்காரவைத்து, கூடாரக் கயிற்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

நகரத்துக்குப் போகிற சிறு படகில் நால்வரும் சைக்கிளோடு ஏறினார்கள். படகோட்டும் டீனி, சுக்கானை விட்டுவிட்டு வந்து ரூலோஃபின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வாழ்த்துகள்!"

"எனக்கில்லம்மா. அவருக்கு."

"அவருக்கும் வாழ்த்துகள். உங்களுக்கும் வாழ்த்துகள். அக்கா, உங்களுக்கும்."

ரூலோஃபுக்கு இதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. அங்கே முறையே அப்படித்தான். பிறந்தநாள் ஒருவனுக்கு என்றால், வாழ்த்து வீட்டில் இருக்கிற எல்லாருக்கும். மனைவிக்கு, மாமியாருக்கு, மாமியாரின் பக்கத்து வீட்டுக்காரிக்கு. குழாய் ரிப்பேர் பண்ண வந்தவனுக்குக்கூட ஒரு கைகுலுக்கல் உண்டு. பக்கத்து வேன்காரனை வாழ்த்தாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. அவரும் பதிலுக்கு டீனியை வாழ்த்தினார்.

"காசு எடுங்க," என்றார் ஸீப்ரனிடம்.

"ஆபிரகாம் ஏறின படகுல காசு வாங்கினா மூழ்கிடும்," என்றாள் டீனி.

நகரத்துக் கல்பாவிய தெருக்கள் கிழவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவருடைய வைக்கோல் கைகள் நழுவி முன்னே வந்து, கடைசியில் ரூலோஃபின் வயிற்றை இறுகக் கட்டிக்கொண்டன. தாடி முன்னால் பறந்து அவர் வாயில் விழுந்தது. சனிக்கிழமைச் சந்தை நடந்துகொண்டிருந்த பெரிய சதுக்கத்துக்குள் நுழைந்தபோது, பார்க்கிறவர்களுக்கு ஒரு தாடிவைத்த ஆள், இன்னொரு தாடிவைத்த ஆளைச் சுமந்து வருவதாகத்தான் தெரிந்தது.

"வாழ்த்துகள்!" என்றது பூக்கடை.

"வாழ்த்துகள்!" என்றது பாலாடைக்கட்டிக் கடை.

"நான் இல்ல! பின்னால வர்றவர்!" என்று கத்தினார் ரூலோஃப். கத்துவதற்கு வாயிலிருந்து தாடியை எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் வருகிறவரோ ஒவ்வொரு முறையும் சரியாக அந்த நேரம் பார்த்து, செருப்புக் கடையில் குனிந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹெரிங் மீன் வண்டிக்காரர் ஒரு மீனை வெங்காயத்தில் புரட்டி நீட்டினார். "பிடிங்க! ஐம்பதுக்கு இலவசம்!"

"நான் நாற்பத்தேழு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று வண்டிக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். சிரிப்பு எழுந்தது. மறுத்துப் பேசினால் இன்னும் கூட்டம் சேரும். ரூலோஃப் வாலைப் பிடித்து மீனை அண்ணாந்து வாயில் விட்டார். நல்ல மீன். கொழுத்த மீன். இன்னொன்று கொடுத்தபோது மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கேக் கடையில் ஸீப்ரன் கண்ணாடிப் பெட்டியின் முன் திகைத்து நின்றார். "எனக்குச் சர்க்கரை வியாதி தம்பி. எது நல்லாயிருக்கும்னே தெரியாது. நீங்களே சொல்லுங்க."

"கண்ணை மூடிட்டு மோக்கா கேக் வாங்குங்க. அதைவிட்டா வேற கேக்கே கிடையாது."

"அப்ப அதுவே."

"பேர் என்ன எழுத?" என்று கடைக்காரி கேட்டாள்.

"பேரெல்லாம் எதுக்கும்மா?" என்றார் ஸீப்ரன். "ஐம்பதுன்னு போட்டா போதும். யாருக்குன்னு வந்தவங்களுக்குத் தெரியாதா?"

எளிமையான மனிதர் என்று ரூலோஃபுக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

ஆனாலும் நகரத்துக்குள் இப்படி ஊர்வலம் வந்தது தப்பு. எத்தனை பேர் படம் எடுத்தார்களோ! வுப்போவின் கைபேசிக்கு அதில் ஒன்று போய்ச் சேர்ந்தால்? ஊருக்கு வெளியே, மாடுகளைத் தவிர யாரும் பார்க்காத இடத்துக்குப் போய்விடுவதுதான் புத்தி. மிங்கே கேக்கோடும் தைக்கிற துணியோடும் படகுக்குத் திரும்பினாள். மற்ற மூவரும் ஆற்றங்கரை மேட்டில் ஏறினார்கள்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது.

காற்று முதுகுப்பக்கமாக அடித்தது. ஆபிரகாமின் மஞ்சள் மழைக்கோட்டு ‘பொத்’தென்று படகுப் பாயாக விரிந்தது. ரூலோஃப் மிதிப்பதை நிறுத்தினார், சைக்கிள் நிற்கவில்லை. வேகம் பிடித்தது. இருபுறமும் வாத்துகள் சிதறின. முன்னால், உடம்போடு ஒட்டிய உடுப்பில், தலையைக் குனிந்து, மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தது ஒரு பந்தய சைக்கிள் கூட்டம். ஒவ்வொரு சைக்கிளும் ஒரு கேம்பர் வேன் விலை. ரூலோஃப் மணியடித்தார். துருப்பிடித்த மணி. அவர்கள் நம்பமாட்டாமல் திரும்பிப் பார்க்க, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வயிற்றைக் கட்டிய கிழவரோடு, அத்தனை பேரையும் தாண்டிப் போனார்.

"வாழ்த்துகள்!" என்று பின்னாலிருந்து கோஷம் வந்தது.

இந்த முறை அவர் மறுக்கவில்லை. ஒரு கையைத் தூக்கி, ராஜா மாதிரி அசைத்தார்.

"நிதானம்! நிதானம்!" என்று ஹில்லி எங்கோ தூரத்தில் கத்திக்கொண்டிருந்தாள்.

காற்று ஒருவழிப் பாதை என்பது திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. முன்னே தள்ளிய கிழவர் இப்போது பின்னே இழுத்தார். பந்தயக் கூட்டம் சிரித்துக்கொண்டே கடந்து போனது. மின்சார சைக்கிளில் ஸீப்ரன் விசிலடித்துக்கொண்டே போனார். மோசமான முதுகு என்று சொல்லவே முடியாது.

ரூலோஃப் இறங்கித் தள்ளினார். "ஸீப்ரன்! இங்கயே, இந்தப் புல்மேட்டுலயே வட்டம் போட்டுக் கேக்கை வெட்டிரலாமே? எதுக்குத் திரும்பி அவ்வளவு தூரம்?"

"நாற்காலி எல்லாம் திடல்ல இருக்கே தம்பி. கேக்கும் மிங்கேகிட்ட. திடல்காரங்க எல்லாரையும் ஏழு மணிக்குக் கூப்பிட்டாச்சு."

"ஏழுக்கா! அதுக்கப்புறம் முடிய எவ்வளவு நேரமாகும்?"

"நாற்காலி போடவே நேரமாகும். யார் இருக்கா போட?"

ரூலோஃப் கணக்குப் போட்டார். எட்டு மணிவரை வுப்போ வரலாம். அதற்குள் கேக்கை வெட்டி, கிழவரை மடித்து, ஸீப்ரனின் வேனுக்குள் திணித்துப் பூட்டிவிட்டால் நிம்மதி. விழா சீக்கிரம் முடியவேண்டுமென்றால் சீக்கிரம் தொடங்கவேண்டும்.

"நான் போடறேன் நாற்காலி!"

திடலுக்கு வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு வேனாகத் தட்டினார். "ஸீப்ரன் பிறந்தநாள்! நாற்காலியோட வாங்க, சீக்கிரம்!" தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மானியரை எழுப்பினார். அவர் புரியாமல், கையில் தலையணையோடு வந்தார். ரூலோஃப் நாற்காலிகளை வாங்கி விரித்துத் தட்டி வட்டம் போட்டார். வட்டம் அவருக்குக் கோணலாகத் தெரிந்தது; கார் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிற கண் அது. மறுபடி போட்டார். கேக்கைத் துண்டு போட்டார். காப்பி ஊற்றினார். ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட் என்று எண்ணி வைத்து டப்பாவை மூடினார்.

பிறகு முறைப்படி கைகுலுக்கல். வட்டத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் ஒவ்வொருவரும் போய், "வாழ்த்துகள்", "வாழ்த்துகள்". ரூலோஃபிடம் வந்தவர்கள் கொஞ்சம் அழுத்தியே குலுக்கினார்கள். நாற்காலி போட்ட நன்றி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஆற்றங்கரைக் காற்றில் ஆபிரகாம் இரண்டு முறை குப்புற விழுந்தார்.

"தம்பி, நீங்க பக்கத்துல உக்காந்து அவரைப் பிடிச்சுக்கங்க," என்றாள் மிங்கே. "உங்களுக்குத்தான் அவர் பழக்கம்."

அதுவும் நியாயம்தான். ரூலோஃப் கிழவரின் தோளில் கைபோட்டு உட்கார்ந்தார். மிங்கே படம் எடுத்தாள். "கொஞ்சம் சிரிங்க. ஸீப்ரன், நீங்க தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

பாட்டு தொடங்கியது. அந்த நாட்டுப் பிறந்தநாள் பாட்டில் பெயர் வராது. நெடுநாள் வாழட்டும் என்று பொதுவாக வாழ்த்திவிட்டுப் போகும், யார் வாழவேண்டும் என்பது பாடுகிறவர்கள் மனசுக்குள். ரூலோஃபுக்குக் கட்டைக் குரல். ஸீப்ரன் நெடுநாள் வாழவேண்டும் என்று உண்மையாகவே அவருக்குத் தோன்றியது. பார்த்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. அதனால் எல்லாரையும்விட உரக்கப் பாடினார். கடைசியில் எல்லாரும் கையைத் தூக்கி மூன்று முறை ‘ஹுர்ரா’ போட்டபோது, ஆபிரகாமின் கையையும் சேர்த்துத் தூக்கினார். ஜெர்மானியர் தலையணையைத் தூக்கினார்.

மோக்கா கேக் நாக்கில் கரைந்தது. ஸீப்ரன் தன் துண்டையும் அவர் தட்டில் தள்ளினார். வெயில் இன்னும் ஆற்றின்மேல் இருந்தது. எதிர்க்கரையில் நகரத்தின் கோபுரங்கள் பொன்னாக நின்றன. டீனி அன்றைய கடைசிப் படகைக் கட்டிவிட்டு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ வாய் ஆர்மோனியம் எடுத்தார்கள்.

ரூலோஃபின் கண் மட்டும் சாலைமேல் இருந்தது. வுப்போவின் கார் வரவில்லை. வரவேயில்லை.

எதிர்க்கரைக் கோபுரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. எட்டாவது அடி ஓய்ந்ததும் ரூலோஃப் நாற்காலிமேல் ஏறி நின்றார். கைபேசியை எடுத்து, வட்டம் முழுக்கக் கேட்கும்படி வைத்தார்.

"மச்சான், எட்டு அடிச்சாச்சு. எங்க இருக்க?"

"கடற்கரையிலதான்," என்றது வுப்போவின் குரல். "செருப்பெல்லாம் மணல்."

"அப்ப ஒத்துக்கறியா?"

"பேச்சுன்னா பேச்சுதான் மாப்ளே. தோத்தவன் எவனோ, அவன் அங்கியைப் போட்டுட்டுச் சந்தையைச் சுத்தியே ஆகணும். நான் மறுக்கவே மாட்டேன்."

"அப்படி வா வழிக்கு!"

ரூலோஃப் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வட்டத்தைப் பார்த்தார். வெற்றி பெற்ற தளபதி குதிரைமேலிருந்து பார்ப்பது போல.

"நண்பர்களே! இப்பச் சொல்றேன். இன்னிக்கு எனக்கும் ஐம்பது!"

வட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீனி காப்பிக் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நம்ப முடியலல்ல? எங்க ஊர் ஆளுங்க என்னைத் தேடி அலையறாங்க. நான் இங்க உங்களோட கேக் தின்னுட்டிருக்கேன். ஸீப்ரன், நீங்க மன்னிக்கணும். காலையில உங்க ஆபிரகாம் வாசல் மாறி என் வாசல்லதான் வந்து உக்காந்திருந்தார். நான்தான் சத்தமில்லாம உங்ககிட்ட அனுப்பி வச்சேன்."

"பரவாயில்ல தம்பி," என்றார் ஸீப்ரன் பெருந்தன்மையாக.

"ஒண்ணு சொல்லணும்." ரூலோஃபின் கட்டைக் குரல் இளகியது. "மீன், காத்து, கேக், பாட்டு... இப்படி ஒரு நல்ல பிறந்தநாளை நான் பாத்ததே இல்ல. எனக்கு இப்படி ஒண்ணு வைக்கிறாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஊரைவிட்டு ஓடியே வந்திருக்க மாட்டேன். குடுத்துவச்சவர் நீங்க, ஸீப்ரன்!"

கைதட்டல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. ஹில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மிங்கே கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, பழுப்பு அங்கியை உதறி விரித்தாள்.

"வாங்க ஸீப்ரன்!" என்று நாற்காலியிலிருந்து இறங்கினார் ரூலோஃப். "உங்க அங்கி தயாராயிருச்சு!"

மிங்கே தன் கணவரைத் தாண்டி நடந்து வந்து, அங்கியை ரூலோஃபின் தோளில் போட்டு, முன்பக்கம் இழுத்து அளவு பார்த்தாள். தோள் கச்சிதமாக இருந்தது. கீழே மடித்துத் தைத்திருக்கவில்லை.

"அவருக்கு எதுக்குத் தம்பி? அவர் ஆபிரகாமைப் பார்த்துப் பதினேழு வருஷம் ஆச்சு. பொம்மையை உங்க வாசல்ல வச்சாப் போதும், அஞ்சு நிமிஷத்துல அது எங்க வாசலுக்கு வந்துடும், மிச்சத்தையெல்லாம் நீங்களே நின்னு நடத்திடுவீங்கன்னு வுப்போ சொன்னப்ப, நாங்கதான் நம்பல."